மயங்கக் கூறலும் தெளியக் கூறலும்: கணினி விளையாட்டு வழிகாட்டிகளில் உரைப்பணி

ஆய்வுச்சுருக்கம்

கணினி விளையாட்டுகளுக்கு விளையாடுவோரே கூடி எழுதும் வழிகாட்டிகளில் இருபொருள்படும் தொடர்கள் மிகுதியாக உள்ளன. அவற்றைத் தெளிவாக்குதல் பெரும்பாலும் நடைத்திருத்தமாகவே கருதப்படுகிறது. இக்கருத்துரை அப்பணியை உரைப்பணியாகக் காண்கிறது. சான்று காணாமல் சொல்லை மாற்றுவது, மயக்கத்தை நீக்குவதற்கு மாறாகப் பிழையை உறுதிப்படுத்திவிடும் என்பதை நெட்ஹேக் முதலிய விளையாட்டுகளின் விதிகளைக் கொண்டு காட்டுகிறது. தமிழில் இத்தகைய நூல்கள் எழுதப்படும்போது இலக்கண மரபு தரக்கூடிய துணையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பொருள் மயக்கம், உரைமரபு, நூற்குற்றம், கூட்டு எழுத்து, கணினி விளையாட்டு, எல்லைப் பொருள்

முன்னுரை

நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பாயிரமும் தொகுத்துரைக்கின்றன. அவற்றுள் மயங்கக் கூறல் ஒன்று. படிப்போர் இதுவோ அதுவோ என ஐயுறுமாறு எழுதுவது அக்குற்றம். இலக்கண நூலுக்கு வகுக்கப்பட்ட இவ்வரையறை, செயல்முறை கூறும் எவ்வகை நூலுக்கும் பொருந்தும். மருந்தின் அளவு கூறும் தொடரும் நிலத்தின் எல்லை கூறும் தொடரும் மயங்கினால் நேரும் கேடு வெளிப்படை.

கணினி விளையாட்டு வழிகாட்டியும் இவ்வகைச் செயல்முறை நூலே. ஒருவர் எழுதிய தொடரை மற்றொருவர் திருத்துகிறார். மூன்றாமவர் அதன் ஒரு பகுதியை நீக்குகிறார். நான்காமவர் வேறோரிடத்தில் அதை எடுத்தாள்கிறார். எழுதுவோர் பலராயினும் படிப்பவர் அதனை ஒரே ஆசிரியரின் கூற்றாகவே கொள்கிறார். அதனை நம்பிச் செயற்படுகிறார். கூட்டு எழுத்தை ஆராயும் மொழியியலாளரும் உரைமரபை ஆராயும் தமிழாய்வாளரும் இவ்வழிகாட்டிகளை இதுகாறும் பெரிதும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. விளையாட்டுத்தானே என்னும் எண்ணம் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் ஒரு சொல்லின் மயக்கம் என்ன விளைவைத் தரும் என்பதை உடனுக்குடன் சோதித்தறியக்கூடிய நூல்வகை இது போல் வேறொன்று அரிது.

எல்லை மயக்கம்

நெட்ஹேக் 1987-இல் முதன்முதல் வெளியான விளையாட்டு. பாதாள அடுக்குகளில் இறங்கிச் செல்லும் பாத்திரம் ஒருமுறை இறந்தால் அதன் ஆட்டம் அத்துடன் முடிந்தது. சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க இயலாது. பல நாள் உழைப்பு ஒரு தவறான முடிவினால் அழியும். ஆகவே இவ்விளையாட்டின் வழிகாட்டிகள் மிகுந்த கவனத்துடன் படிக்கப்படுகின்றன.

பாத்திரத்தின் உயிர்வலிமை உயிர்ப்புள்ளி என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. உயிர்ப்புள்ளி மிகவும் குறைந்த நிலையில் தெய்வத்தை வேண்டினால், பிற நிபந்தனைகளும் பொருந்துமாயின், முழு வலிமையும் மீளும். மிகவும் குறைந்த நிலை எது? உயிர்ப்புள்ளி உச்ச அளவின் ஏழில் ஒரு பங்குக்குக் குறைவாகவோ 6-க்குக் குறைவாகவோ இருக்கும் நிலை என்பது விளையாடுவோரிடையே நெடுங்காலமாக வழங்கும் கூற்று. சுருக்கமும் நினைவில் நிற்கும் தன்மையும் உடைய இக்கூற்றில் இரண்டு மயக்கங்கள் உள்ளன.

முதலாவது, எல்லை. 2003-இல் வெளியான 3.4.3 பதிப்பின் மூல நிரல், அப்போதைய உயிர்ப்புள்ளியை ஏழால் பெருக்கி, அத்தொகை உச்ச அளவினும் மிகாதிருந்தால் ஆபத்து நிலை எனக் கொள்கிறது. உச்ச அளவு 98, இருப்பு 14 எனில் 14-ஐ ஏழால் பெருக்க 98 வரும், அது மிகவில்லை, எனவே வேண்டுதல் பயன் தரும். ஆனால் 14 என்பது 98-இன் ஏழில் ஒரு பங்குக்குச் சரியாக நிற்பது, அதற்குக் குறைந்ததன்று. குறைவாக என்னும் சொல்லை உள்ளவாறு நம்பும் ஒருவர், காக்கக்கூடிய உயிரைக் காவாமல் விடுவார். எதிர்மாறாக, ஏறத்தாழ ஏழில் ஒன்று எனப் பொருள் கொள்பவர் 15 இருக்கும்போதே வேண்டுவார். 15-ஐ ஏழால் பெருக்க 105. அது 98-இனும் மிகுதி. ஆபத்து நிலை இல்லாதபோது உரிய காலத்திற்கு முன் வேண்டினால் தெய்வத்தின் சினமும் நல்லூழின் குறைவும் விளையும்.

இம்மயக்கம் உச்ச அளவு ஏழால் மீதியின்றி வகுபடும்போது மட்டுமே வெளிப்படும். ஆகவேதான் அது நெடுங்காலம் கண்ணில் படாமல் தங்கக்கூடியது. பத்துப் பேர் அத்தொடரைப் பின்பற்றிப் பிழைத்தமை அத்தொடர் தெளிவானது என்பதற்குச் சான்றாகாது. எல்லையில் நின்றவர் அவர்களுள் ஒருவரும் இல்லை என்பதற்கே அது சான்றாகலாம்.

இரண்டாவது மயக்கம் அல்லது என்னும் இணைப்பில் உள்ளது. இரு நிபந்தனைகளுள் ஒன்று போதுமா, இரண்டனுள் சிறிய எண்ணே எல்லையா என்னும் ஐயம் புதிதாகப் படிப்போர்க்கு எழும். உச்ச அளவு 20 உள்ள தொடக்கநிலைப் பாத்திரத்திற்கு ஏழில் ஒரு பங்கு 3-க்கும் குறைவு. சிறிய எண்ணே எல்லை எனக் கொண்டால் 2 வரும்வரை காத்திருக்க வேண்டும். விளையாட்டோ 5 என்னும்போதே ஆபத்து நிலையாகக் கொள்கிறது. 5-க்கும் 2-க்கும் இடையில் ஓர் அடி போதும், பாத்திரம் மடிய. இரண்டனுள் யாதேனும் ஒன்று அமைந்தாலே போதும் என்னும் சில சொற்கள் இங்கு ஒரு பாத்திரத்தின் உயிருக்கு ஒப்பானவை.

அலகு மயக்கம்

ஒரு வேண்டுதலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் சுற்றுகள் கழியவேண்டும் என்பது இவ்விளையாட்டில் மற்றொரு பழைய அறிவுரை. இங்குச் சுற்று என்பது விளையாட்டின் காலக்கணக்கு. பாத்திரம் செய்யும் செயல் வேறு. இயல்பான வேகமுடைய பாத்திரத்திற்கு ஒரு சுற்றில் ஒரு செயல் என இரண்டும் ஒத்துச் செல்வதால் வேறுபாடு தோன்றாது. பிறவியிலேயே விரைவுடைய சாமுராய்ப் பாத்திரமோ மூன்று சுற்றுகளில் சராசரியாக நான்கு செயல்கள் செய்யும். அதனைக் கொண்டு ஆடுபவர் ஆயிரம் செயல்களை எண்ணினால் கழிந்திருப்பவை ஏறத்தாழ 750 சுற்றுகளே. அறிவுரை எழுதியவரும் படித்தவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவேறு கணக்குகளில் நிற்கின்றனர்.

மைன்கிராஃப்ட் விளையாட்டில் இதன் இன்னொரு வடிவம் காணப்படுகிறது. அவ்விளையாட்டின் காலத்துடிப்பு டிக் எனப்படும். ஒரு நொடியில் 20 டிக். ஆயின் ரெட்ஸ்டோன் என்னும் பொருளால் மின்சுற்றுப் போன்ற அமைப்புகளைக் கட்டுவோர், அத்தகைய இரண்டு துடிப்புகளைச் சேர்த்து ஒரு டிக் என எண்ணும் வழக்கம் உடையவர். அவ்வழக்கில் ஒரு நொடிக்குப் 10 டிக். நான்கு டிக் தாமதம் என்று ஒரு வழிகாட்டி கூறினால் அது 0.2 நொடியா, 0.4 நொடியா என்பது எழுதியவர் எவ்வழக்கினர் என்பதைப் பொறுத்தது. இருவழக்கும் பிழையற்றவை, ஒரே பக்கத்தில் இரண்டும் பெயர் குறியாமல் கலப்பதே பிழை. கூட்டாக எழுதப்படும் நூலில் இக்கலப்பு எளிதில் நேர்கிறது. தனி ஆசிரியர் ஒருவர் தம் வழக்கை நூல் முழுதும் காப்பார். பலர் எழுதும் நூலில் வழக்கைக் காப்பவர் ஒருவரும் இல்லாமற் போகலாம்.

கலைச்சொல் மயக்கம்

நியூசிலாந்தில் உருவான பாத் ஆஃப் எக்ஸைல் என்னும் விளையாட்டு, மிகுதல் என்னும் ஒரே கருத்துக்கு இரு சொற்களை வேறுபடுத்தி ஆள்கிறது. இன்க்ரீஸ்டு எனக் குறிக்கப்படும் விழுக்காடுகள் முதலில் ஒன்றோடொன்று கூட்டப்படும். மோர் எனக் குறிக்கப்படுபவை தனித்தனியே பெருக்கப்படும். அடிப்படைத் தாக்குதல் 100 எனில், முதல்வகையில் 50 விழுக்காடு இருமுறை சேர்ந்தால் 200; இரண்டாம் வகையில் 225.

ஆங்கிலப் பொதுவழக்கில் இவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஒருபொருட் சொற்கள். ஆகவே நடை நன்றாக அமையவேண்டும் என்று கருதும் திருத்துநர் ஒருவர், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைத் தவிர்க்க எண்ணி ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டால், நடை சிறக்கும், பொருள் கெடும். கூறியது கூறலைக் குற்றமாகக் கொள்ளும் இலக்கிய உணர்வே இங்குத் தீங்கு செய்கிறது. கலைச்சொல்லுக்கு ஒருபொருட் பன்மொழி இல்லை என்பதை உணர்ந்தவரே இவ்வகை நூலைத் திருத்தத் தக்கவர்.

பதிப்பு மயக்கம்

மேற்கூறிய மூன்றும் சொல்லில் உள்ள மயக்கங்கள். நான்காவதாகிய ஒன்று சொல்லில் இல்லை, காலத்தில் உள்ளது. நெட்ஹேக்கின் 3.4.3 பதிப்புக்குப் பின் 3.6.0 பதிப்பு 2015-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் வழிகாட்டித் தொடர்கள் பதிப்பு எண்ணைக் குறிக்கவேண்டிய தேவையே எழவில்லை. விளையாட்டு என்றாலே அந்த ஒரு பதிப்புத்தான்.

தரையில் எல்பெரெத் என்னும் பெயரைப் பொறித்து அதன்மேல் நின்றால் பகைவருள் பெரும்பாலோர் அணுகித் தாக்க அஞ்சுவர். பழைய பதிப்பில் அவ்வாறு நின்றவாறே தொலைவிலுள்ள பகைவர்மீது அம்பு எய்யலாம், பொறிப்பு அழியாது. புதிய பதிப்பில் அவ்வாறு எய்தால் பொறிப்பு அழிந்துவிடும். பழைய தொடர் எழுதப்பட்டபோது உண்மை. எழுத்து ஒன்றும் மாறாமலே பின்னாளில் பொய்யாயிற்று. எக்காலத்து வழக்கு எனக் கூறாத தொடர் எக்காலத்துக்கும் உரியது போலத் தோன்றுவதே இங்கு மயக்கம். இறந்தது விலக்கலையும் எதிரது போற்றலையும் நூலுத்திகளாக எண்ணிய மரபு இச்சிக்கலை அறியாததன்று. பழையது எது, அது எப்பொழுது விலக்கப்பட்டது என்பதைக் கூறுவதும் நூலின் கடமையே.

தெளிவாக்குவோர் செய்யும் குற்றம்

மயக்கமுள்ள தொடரைக் கண்டவுடன் அதைத் திருத்த முற்படுதல் இயல்பு; ஆபத்தும் அங்கேதான் உள்ளது. ஏழில் ஒரு பங்குக்குக் குறைவாக என்னும் தொடரில் ஐயங்கொண்ட ஒருவர், குறைவு என்றால் குறைவுதான் என முடிவுசெய்து, ஏழில் ஒரு பங்கு இருந்தால் வேண்டலாகாது என விரித்தெழுதக்கூடும். இப்போது தொடர் முன்னினும் தெளிவானது. அதே வேளையில் அது தவறானது. முன்பு ஐயுற்ற படிப்பாளி தாமே சோதித்துப் பார்த்திருப்பார். இனி அவர் ஐயுறவும் மாட்டார். மயக்கமுள்ள தொடர் படிப்போரை எச்சரிக்கையாவது செய்கிறது; தெளிவான பொய் அதனையும் செய்யாது.

தொல்காப்பிய மரபியல் மயங்கக் கூறலைக் குற்றமாக எண்ணும் அதே பட்டியலில், ஒருவர் தம் கருத்தளவில் ஒரு பொருளைக் கொண்டு அதனை நூற்பொருளாக வைப்பதையும் குற்றமாக எண்ணுகிறது. கூட்டு வழிகாட்டியில் முன்னது முதலில் எழுதியவரின் குற்றமாகவும், பின்னது திருத்தியவரின் குற்றமாகவும் எதிரெதிர் நிற்கின்றன. முன்னதை நீக்குவதற்காகப் பின்னதைச் செய்வதற்கு இடமில்லை.

ஆகவே தெளிவாக்கும் பணியின் முதற்படி சொல் தேடுவது ஆகாது, பொருள் தேடுவதே. மூல நிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் நெட்ஹேக் போன்ற விளையாட்டுகளில் அதனைப் படித்துத் தெளியலாம். நிரல் மறைக்கப்பட்ட விளையாட்டுகளில் எல்லை நிலையை உண்டாக்கிப் பன்முறை சோதித்தல் வேண்டும். இரண்டும் இயலாதபோது, இத்தொடர் இருவகையாகப் பொருள்படுகிறது, எது சரி என்பது இன்னும் துணியப்படவில்லை என அவ்விடத்திலேயே குறித்தல் வேண்டும். பாட வேறுபாடு கண்டவிடத்துத் தமக்குப் பிடித்த பாடத்தை மட்டும் அச்சிட்டு ஏனையவற்றை மறைக்காமல், பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகத் தந்த உ. வே. சாமிநாதையரின் பதிப்புநெறி இதற்கு நல்ல முன்மாதிரி. துணிவு உள்ள இடத்தில் துணிவையும், இல்லாத இடத்தில் ஐயத்தையும் வெளிப்படக் கூறுவதே அந்நெறியின் உயிர்.

இங்கு ஒரு வேறுபாட்டையும் கருதவேண்டும். இலக்கியத்தில் ஒரு தொடர் இருபொருள் தருவது அணியாகலாம். உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் கொள்வது நூலை வளப்படுத்தலாம். வழிகாட்டியில் அதற்கு இடமில்லை. 14 என்னும் எண்ணில் வேண்டுதல் பலிக்கும் அல்லது பலிக்காது. மேலும், விளையாட்டை ஆக்கியோரின் உள்ளக்கருத்து எதுவாயினும், நிரல் என்ன செய்கிறதோ அதுவே வழிகாட்டியின் பொருள். உரைமரபிலிருந்து கொள்ளத்தக்கது சான்றொழுக்கம். பன்முகப் பொருள்கோளைக் கொள்ளவேண்டியதில்லை.

மறுப்பும் விடையும்

இத்துணை நுட்பம் வழிகாட்டியைச் சட்டநூல் போல ஆக்கிவிடும், தொடக்கநிலையினர் படிக்க அஞ்சுவர் என மறுக்கலாம். மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. மிகைபடக் கூறலும் பத்துக் குற்றங்களுள் ஒன்றே. ஒவ்வொரு தொடரின் தலையிலும் விதிவிலக்குகளை ஏற்றினால் படிப்பவர் விதியையே தவறவிடுவார்.

இதற்கு விடையும் உரைமரபிலேயே உள்ளது. கருத்து, பதப்பொருள், காட்டு என்பவற்றோடு வினாவும் விடையும் கொண்டது காண்டிகையுரை. இவற்றுள் காட்டின் பயன் பெரிது. உச்ச அளவு 98 எனில் 14-இல் வேண்டலாம், 15-இல் வேண்டலாகாது என்னும் ஒரு காட்டு, எல்லையைப் பற்றிய மூன்று விளக்கத் தொடர்களின் வேலையைச் செய்துவிடும். விதி சுருக்கமாகவே இருக்கலாம். காட்டு மட்டும் எல்லையின் மேல் நிற்கவேண்டும். எல்லைக்கு வெகுதொலைவில் உள்ள எண்ணைக் காட்டாகத் தருவது, பெரும்பாலான வழிகாட்டிகளில் காணப்படும் குறை. 98-க்கு 3 என்னும் காட்டினால் ஒருவர்க்கும் ஐயம் தீராது. அங்கு ஐயமே எழவில்லை.

விளையாட்டின் இன்பமே மறைபொருளைத் தாமே கண்டறிவது, வழிகாட்டி எல்லாவற்றையும் வெளிப்படுத்துதல் தகாது என்பது இன்னொரு மறுப்பு. எதைக் கூறுவது, எதை விடுவது என்பது எழுதுவோரின் உரிமை. ஆனால் கூறத் துணிந்ததை மயங்கக் கூறுவது மறைபொருளைக் காப்பதாகாது. கூறாமை வேறு, குழப்பக் கூறல் வேறு.

தமிழில் எழுதுவோர்க்குரிய கருதுகோள்கள்

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது முதல் கூட்டாக எழுதுதல் தமிழுக்கும் பழகிய முறையாகியுள்ளது. விளையாட்டு வழிகாட்டிகளும் பிற செயல்முறை நூல்களும் இவ்வாறு தமிழில் எழுதப்படும்போது, ஆங்கில மூலத்தின் மயக்கங்களோடு தமிழுக்கே உரிய சில மயக்கங்களும் சேரும்.

அவற்றுள் முதன்மையானது எல்லைச் சொற்களின் நிலை. ஐந்து வரை என்பது ஐந்தை உளப்படுத்துமா, ஐந்துக்குள் என்பது ஐந்தை விலக்குமா என்பதில் வழக்கு ஒருமையுடையதன்று. 5-உம் அதற்குக் குறைவும், 5-இனும் மிகாமல் என்றாற் போன்ற தொடர்கள் சற்று நீண்டவையாயினும் ஐயத்திற்கு இடந்தராதவை. சுற்று, செயல் என்னும் இரண்டையும் முறை என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் அலகு மயக்கம் இரட்டிக்கும். ஆயிரம் முறை என்பது ஆயிரம் தடவை எனவும் பொருள்படும்.

தொகைச்சொற்கள் இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்களில் மயங்கக்கூடும் என நன்னூல் கூறுகிறது. தீக்காப்பு மோதிரம் என ஒரு வழிகாட்டி எழுதினால், அது தீயினின்று காக்கும் மோதிரமா, தீயால் காக்கும் மோதிரமா? உருபை விரித்தெழுதினால் ஐயம் நீங்கும். சுருக்கமான கலைச்சொல் வேண்டும் என்னும் விருப்பம், விரிக்கவேண்டிய இடத்தில் தொகுக்கத் தூண்டுவதை எழுதுவோர் கவனித்தல் வேண்டும்.

முற்றும்மை எதிர்மறையோடு வரும்போது எச்சப்பொருளும் தரும் என்பது இலக்கணிகள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்ட நுட்பம். எல்லாப் பொருள்களும் சபிக்கப்படவில்லை என்னும் தொடர், ஒன்றும் சபிக்கப்படவில்லை எனவும், சில மட்டுமே சபிக்கப்பட்டன எனவும் பொருள்படும். கிடைத்த கவசத்தை அணியலாமா என முடிவு செய்யவேண்டிய ஒருவர்க்கு இவ்விரண்டும் நேர்மாறான அறிவுரைகள். இந்நுட்பத்தைத் தேர்வுக்குரிய விதியாக மட்டும் கற்பிக்கும் வகுப்பறை, இதே விதி ஒரு செயல்முறைத் தொடரைத் திருத்த உதவும் கருவி என்பதையும் காட்டலாம். தமிழ்த்துறை மாணவர் இத்தகைய வழிகாட்டிப் பக்கம் ஒன்றை எடுத்து, அதன் மயக்கங்களை வகைப்படுத்தி, சான்று தேடித் திருத்தி, திருத்தத்தின் காரணத்தை எழுதிவைப்பது, சொல்லதிகாரத்திற்கு ஏற்ற நல்ல பயிற்சியாகும்.

முடிவுரை

கூட்டு வழிகாட்டியின் தொடரைத் தெளிவாக்குபவர்க்கு மூன்று கடமைகள் உள. எவ்விடத்தில் எவ்வாறு மயங்குகிறது என்பதைக் காணுதல். உண்மை எது என்பதை நிரலாலோ சோதனையாலோ துணிதல். துணிந்ததன் சான்றையும் அது பொருந்தும் பதிப்பையும் தொடரோடு விட்டுச்செல்லுதல். மூன்றாவதே பெரும்பாலும் கைவிடப்படுகிறது. சான்றின்றித் திருத்திய தொடரை அடுத்து வருபவர் மீண்டும் ஐயுற்று மீண்டும் மாற்றுவார். குறைவாக என்பது குறைவாகவோ சமமாகவோ எனவும், பின்னர்ப் பழையபடி குறைவாக எனவும் திரிந்துகொண்டே இருக்கும். 98-க்கு 14 என்னும் காட்டும் 3.4.3 என்னும் பதிப்பெண்ணும் அத்தொடரின் அருகிலேயே இருந்தால் அத்திரிபு நிற்கும். பின்னொரு நாள் விதியே மாறினாலும், எது மாறியது என்பதை அடுத்த திருத்துநர் அவற்றைக் கொண்டு அறிந்துகொள்வார்.